போனைத் தள்ளிப் பிடிக்கிற வயசு

(ஒரு மாவட்டத்தில் நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. இ-சேவை மையப் பணியாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், பொதுமக்கள் எனப் பலரும் கலந்துகொண்ட கூட்டம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதல்ல ஒரு சின்ன வேலை. எல்லாரும் உங்க போனை எடுங்க. கடைசியா வந்த குறுஞ்செய்தியைத் திறந்து படிங்க. படிச்சாச்சா? இப்போ தலையைத் திருப்பி, பக்கத்துல இருக்கிறவரைப் பாருங்க. போனை எவ்வளவு தூரத்துல பிடிச்சிருக்கார்?

சிரிக்கிறீங்க. தெரியும். பாதிப் பேர் கையை முழுசா நீட்டிப் பிடிச்சிருக்கீங்க. சிலர் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிட்டுப் பார்க்கிறீங்க. இதுக்கு நம்ம ஊர்ல பழைய பெயர் ஒண்ணு இருக்கு: வெள்ளெழுத்து. சில வீடுகள்ல சாளேஸ்வரம்னும் சொல்வாங்க. நாற்பது வயதை ஒட்டி வருவதால் வந்த பெயர் அது.

கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் இளம் வயதில் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் உப்பிக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிப்போகிறது. உப்ப முடியாததால் கிட்டத்து எழுத்து மங்குகிறது. இது நோய் இல்லை. போன் பார்த்ததால் வந்ததும் இல்லை. போனே இல்லாத காலத்திலும் நாற்பது தாண்டியவர்கள் பஞ்சாங்கத்தைத் தள்ளிப் பிடித்துத்தான் படித்தார்கள்.

இதை இவ்வளவு விளக்கமாச் சொல்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைத்தான் முதல்ல சொல்லணும்.

எங்க அம்மாவுக்கு நடந்தது

எனக்கு 44 வயதில் எழுத்து மங்க ஆரம்பித்தது. கண்ணாடி போடவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. படிக்கிற கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற நினைப்பு. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் ராத்திரி மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கணும். அவங்களுக்குக் காலையில் சர்க்கரை மாத்திரை, இரவில் ரத்த அழுத்த மாத்திரை. இரண்டு அட்டையும் வெள்ளி நிறம், இரண்டிலும் பொடி எழுத்து. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எடுத்துக் கொடுத்தேன். அன்னிக்கு அம்மா சரியாச் சாப்பிடவும் இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு ஏதோ முனகல் கேட்டு எழுந்தேன். அம்மா தொப்பலாக வேர்த்துக் கிடந்தாங்க. பேச்சு குழறுது. என்னைப் பார்த்து, "நீ யாரு?"ன்னு கேட்டாங்க. குளுக்கோமீட்டரில் 48 காட்டியது. விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிவு வந்தது. அந்த வகை மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கும் என்பதால் சாப்பாடு கொடுத்து, மணிக்கொரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்தேன். ராத்திரி நான் கொடுத்தது சர்க்கரை மாத்திரை.

மருத்துவம் படித்தவள் நான். எனக்கு அறிவு குறைவில்லை, கண்ணாடிதான் இல்லை. அன்னிக்கே போய்ப் போட்டுக்கொண்டேன். இதை மறைக்காமல் சொல்ல ஒரு காரணம் இருக்கு. நடு வயதில் உடம்பில் வருகிற மாற்றங்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று நாம் சமாளிப்பதில்தான் ஆபத்து இருக்கு.

சத்தமில்லாமல் மாறுபவை

நடு வயது என்று பொதுவாக 40 முதல் 65 வரை சொல்கிறோம். நரை, வழுக்கை, தோல் சுருக்கம் எல்லாம் கண்ணாடியில் தெரியும். அதுக்குக் கடையில் சாயம் இருக்கு, அதை விடுங்க. கண்ணாடியில் தெரியாத நாலு விஷயம் சொல்றேன்.

ஒன்று, தசை. முப்பதைத் தாண்டியதும், பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. எடை இயந்திரத்தில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எடை அப்படியே இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். சோதிக்க ஒரு வழி: நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு உட்காருங்க. கை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருங்க. ஐந்து முறை சிரமமில்லாமல் முடிகிறதா? நம்ம அம்மா அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, எழுந்து, குனிந்து வேலை செய்தாங்க. அது தசைக்கு நல்ல பயிற்சி. நாம் சோபாவுக்குப் போனதும் அந்தப் பயிற்சி நின்றுபோனது.

இரண்டு, காது. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். குழந்தைகள் குரல், 'ச', 'த', 'ஸ' போன்ற எழுத்துகள் தேய்ந்து கேட்கும். அதனால்தான் பலர் "கேக்குது, ஆனா புரியலை" என்பார்கள். வீட்டில் டிவி சத்தம் உங்களுக்குச் சரியாகவும் மற்றவர்களுக்கு அதிகமாகவும் இருந்தால், அது பரிசோதனைக்குப் போகச் சொல்லும் அறிகுறி.

மூன்று, ரத்த அழுத்தமும் சர்க்கரையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். இரண்டுமே வருஷக்கணக்கில் வலி கொடுக்காது. வலி வரும்போது அது சிறுநீரகத்தையோ இதயத்தையோ கண்ணையோ தொட்டிருக்கும். ரத்த அழுத்தம் 140/90க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126க்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்க்காமல் இருக்காதீங்க. சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் அது மணி அடித்துக் கூப்பிடுகிற இடம். நடை, சாப்பாடு, எடைக் குறைப்பு ஆகியவற்றால் பலர் அங்கிருந்தே திரும்பி வந்திருக்காங்க.

நான்கு, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலம். இதைப் பத்தி மேடையில் பேசத் தயங்குவாங்க. நான் பேசுறேன். பொதுவாக 45 முதல் 55 வயதுக்குள் நிற்கும். அதுக்கு முன்னால் சில வருஷம் சுழற்சி தாறுமாறாகும். திடீர்னு உடம்பு முழுக்க அனல், இரவில் வேர்வை, தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் வரலாம். எலும்பும் வேகமாகத் தேய ஆரம்பிக்கும். வீட்டில் உள்ள ஆண்கள் கேளுங்க: அவங்க "சும்மா கத்துறாங்க" என்று நினைக்காதீங்க. நாலு ராத்திரி தூங்காமல் இருந்து பாருங்க, நீங்களும் கத்துவீங்க.

பெண்கள் இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்க. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே வந்து காட்டணும். "சூடு"ன்னு சொல்லி இளநீர் குடிச்சிட்டு விட்டுடாதீங்க. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோய் சில சமயம் அந்த ஒரு துளியில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்போதே வந்தால் குணப்படுத்த முடியும்.

"கேஸ்தான் டாக்டர்"

போன வருஷம் 52 வயதான ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்தார். முந்தின இரவு பரோட்டா சாப்பிட்டிருக்கார். நெஞ்சில் பாரம், வேர்வை, இடது தாடையில் இழுப்பு. "கேஸ் பிடிச்சிருக்கு"ன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்துட்டார். மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. காலையில் எங்களிடம் வரும்போது எட்டு மணி நேரம் ஓடியிருந்தது. ஈசிஜி எடுத்தோம், மாரடைப்பு. முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து 108இல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது. ஆட்டோவை மகன் ஓட்டுறான்.

இதயத்துக்கும் மூளைக்கும் நேரம்தான் மருந்து. நாற்பது தாண்டியவர்களுக்கு நெஞ்சில் பாரமும் வேர்வையும் சேர்ந்து வந்தால், கேஸா இல்லையா என்று நீங்க தீர்மானிக்க வேண்டாம். ஈசிஜி தீர்மானிக்கட்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரலாம். வாய் கோணினால், ஒரு பக்கக் கை தொங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். அதனால் யோசிக்காமல் 108.

மறதியா, வேகக் குறைவா?

இப்போ எல்லாரும் பயப்படுகிற விஷயத்துக்கு வர்றேன். மூளை.

தையல் வேலை செய்யும் 49 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்து அழுதார். "டாக்டரம்மா, எனக்கு மறதி நோய் வந்துடுச்சு. அடுப்புல பால் வச்சா மறந்துடறேன். ஓடிபி ஆறு எண்ணு. படிச்சிட்டு அந்தப் பக்கம் போறதுக்குள்ள மூணு எண்ணு மறந்துபோகுது. பொண்ணு திட்டுறா."

நான் கேட்டேன்: "உங்க வாடிக்கையாளர் அளவெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களா?"

"பழைய ஆளுங்களுக்கு எதுக்கும்மா நோட்டு? ஆளைப் பார்த்தாலே கழுத்து எவ்வளவு, கை எவ்வளவுன்னு தெரியும். இப்ப நீங்க போட்டிருக்கிற ரவிக்கையில தோள் அரை இஞ்சு அதிகம்."

அரை இஞ்சு அதிகம்தான்! இதுதான் நடு வயது மூளை. அமெரிக்காவில் சியாட்டில் நகரில், வார்னர் ஷாய் என்ற உளவியல் அறிஞர் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆட்களை ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, பல பத்தாண்டுகள் சோதித்தார்கள். பார்த்ததும் சட்டென்று செய்கிற வேகம் இளம் வயதிலிருந்தே மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் சொல்வளம், காரணம் கண்டுபிடித்துச் சிந்திப்பது போன்ற திறன்கள் பலருக்கு நடு வயதில்தான் உச்சத்தில் இருந்தன.

அதாவது புது எண்ணை மனதில் தாங்கிக்கொண்டே வேறு வேலை செய்வது கொஞ்சம் கஷ்டமாகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தால் ஒன்று சிந்தும். ஆனால் அனுபவத்திலிருந்து முடிவெடுப்பது, ஆளை எடைபோடுவது, ஒரு விஷயத்தின் மொத்தப் படத்தைப் பார்ப்பது எல்லாம் வளரும். ஓடிபியை மறப்பது நோய் இல்லை. அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்க, வேலை முடிந்ததும் கிழித்துப் போடுங்க.

ஆனாலும் அந்த அம்மாவைச் "சரி, போங்க"ன்னு நான் அனுப்பவில்லை. விசாரித்தேன். மாதவிடாய் தாறுமாறாகி ஒரு வருஷம், ரத்தப்போக்கு அதிகம். இரவு வேர்வையால் நாலு மணி நேரத் தூக்கம். பரிசோதனையில் ரத்த சோகை, தைராய்டு குறைவு. மாத்திரை கொடுத்தோம், ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். ஆறு மாதம் கழித்து வந்தார். "பால் பொங்கறதுக்கு முன்னாடி போய் நிக்கிறேன்மா" என்றார்.

மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய: தூக்கக் குறைவு, குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வருவது, தைராய்டு, ரத்த சோகை, மனச்சோர்வு, பி12 வைட்டமின் குறைவு. மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிகளுக்கு பி12 குறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க, சோதிக்கச் சொல்லிக் கேளுங்க.

எப்போது கவலைப்படணும்? சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சாதாரணம். கையில் இருக்கிற சாவி எதுக்கு என்று தெரியாமல் நிற்பது சாதாரணம் இல்லை. பழகின தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் நாலு தடவை கேட்பது, கணக்கு வழக்கில் திடீர்க் குழப்பம், குணம் அடியோடு மாறுவது இவையெல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. அடிக்கடி உங்களைவிட வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அவர்கள் சொன்னால் கோபப்படாதீங்க.

இன்னொரு செய்தி. உலக அளவில் நிபுணர்கள் கூடி லான்செட் இதழில் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 14 காரணங்களைச் சரிசெய்தால், மறதி நோய்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றார்கள். அந்தப் பட்டியலில் காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, அதிக மது, மனச்சோர்வு, தலைக்காயம் இருக்கு. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் இருக்கு. காதைக் கவனிப்பதும், கண்ணாடி போடுவதும், வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடுவதும் மூளையைக் காப்பாற்றுகிற வேலைகள். எழுபதில் உங்க மூளை எப்படி இருக்கும் என்பதை நாற்பத்தைந்தில் நீங்க செய்வது பெரிய அளவில் தீர்மானிக்கும்.

விரலும் வேகமும்

இ-சேவை மையத்தில் வேலை செய்றவங்க இங்கே இருக்கீங்க. தினமும் பார்ப்பீங்க: "கைரேகை விழலை." கொத்தனார், பாத்திரம் தேய்ப்பவர், பீடி சுற்றுபவர், மீன் சுத்தம் செய்பவர் ஆகியோருக்கு ரேகை தேயும். வயது ஏற ஏறத் தோலின் ஈரப்பசையும் இறுக்கமும் குறைவதால் மற்றவர்களுக்கும் சரியாக விழாது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்க. மையத்துக்குப் போகும்போது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு போங்க. அப்படியும் விழவில்லை என்றால் கருவிழி, முக அடையாளம், ஓடிபி ஆகியவற்றில் அந்தச் சேவைக்கு எது உண்டு என்று கேளுங்க. ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கவும் முடியும். மையத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: "உங்க விரல் சரியில்லை"ன்னு சலிச்சுக்காதீங்க. அந்த விரல் உழைச்ச விரல்.

வேகக் குறைவை மோசடிக்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்காங்க. "இன்னும் பத்து நிமிஷத்துல கணக்கு முடங்கிடும்", "உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, வீடியோவை விட்டு நகராதீங்க" என்று ஏன் அவசரப்படுத்துறாங்க? நம்ம பலமே அனுபவமும் நிதானமும்தான். அதை யோசிக்க விடாமல் செய்வதுதான் அவங்க தொழில். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. அவசரப்படுத்துகிற எந்த அழைப்பையும் வெட்டுங்க, ஒரு டம்ளர் தண்ணீர் குடிங்க, வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்க. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அடியுங்க.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

பெரிய சபதம் வேண்டாம். போனிலிருந்தே ஆரம்பிங்க. அமைப்புகளில் போய் எழுத்து அளவைப் பெரிதாக்குங்க. மாத்திரை அட்டையைப் படிக்க முடியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்க. மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்க. இரவில் போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்க. தூக்கம் தானாக நீளும்.

அடுத்தது நடை. வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் போதும். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சுண்டல், பருப்பு, முட்டை, மீன் என்று எது முடியுமோ அதைக் கூட்டுங்க.

மூன்றாவது, பரிசோதனை. 30 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய், பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைகள் இலவசம். நாற்பது தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்க. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மருந்து வருகிறது. வேண்டுமென்றால் உங்க பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. அந்த ராத்திரிக்குப் பிறகு எங்க வீட்டு மருந்துப் பெட்டியில் ஒரு கண்ணாடி தனியாக இருக்கு. யாரும் அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கக் கூடாது. அம்மா இப்போதும் மாத்திரையை வாயில் போடும் முன் கேட்பாங்க, "கண்ணாடி போட்டுத்தானே பார்த்தே?" ஆமாம்மா என்பேன். அப்புறம்தான் முழுங்குவாங்க.

வீட்டுக்குப் போனதும் உங்க மருந்துப் பெட்டியிலும் ஒரு கண்ணாடி வையுங்க. உங்களை நம்பி ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு இருக்காங்க.



போனில் சேமித்து வைக்க:
அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை, தகவல்: 104
மனநல ஆலோசனை: 14416
இணையவழிப் பண மோசடிப் புகார்: 1930